899 ரூபாய் சினிமா கிட்டும் பெரிய மார்க்கெட் சங்குப்பூவும்

வீட்டில் கூட்டமாக உட்கார்ந்து படம் பார்க்கிறவர்களுக்கென்றே இப்போது ஆன்லைனில் ‘மூவி நைட் மாக்டெயில் கிட்’ என்று ஒன்று விற்கிறார்கள். அக்கா பையன் நச்சரித்ததில் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்து சேர்ந்தது, விலை 899 ரூபாய். வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை ஒரு சுற்று சுற்றினால் அதில் பாதிக் காசுகூட ஆகாமல் இதைவிட நன்றாகச் செய்யலாம். அப்புறம், நம்ம ஊரில் டிரிங்க்ஸ் என்று வாயைத் திறந்தாலே பக்கத்து வீட்டுக்காரர் எந்தக் கடையில் என்ன ஆஃபர் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: இதில் ஒரு சொட்டு சரக்கு கிடையாது, சின்னப் பிள்ளைகளும் ஆயாவும் சேர்ந்து குடிக்கிற சமாச்சாரம்.

பெட்டி பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. மேல் மூடியில் கிளாப் போர்டு படம், உள்ளே 100 மில்லி சிரப் பாட்டில் நாலு, அவற்றுக்கு ஹீரோ, வில்லன், பேய், விண்வெளி என்று பெயர். பேப்பர் ஸ்ட்ரா ஒரு கட்டு, மினுமினுப்புத் தூள் ஒரு பாக்கெட், கிளாஸ் விளிம்பில் ஒட்டுவதற்கு வெடி மிட்டாய் ஒரு பாக்கெட், செய்முறை அட்டை. பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால்தான் சங்கதி தெரிகிறது. நாலிலும் சர்க்கரை, தண்ணீர், 330, 211, அதாவது சிட்ரிக் அமிலமும் சோடியம் பென்சோயேட்டும். வித்தியாசம் கடைசியில் வரும் நிற எண்ணில் மட்டும்தான். விண்வெளிக்கு 133, அது நீலம். வில்லனுக்கு 122, சிவப்பு. ஹீரோவுக்கு 110, ஆரஞ்சு. பேய்க்கு 133-ஐயும் 102-ஐயும் கலந்து, நீலமும் மஞ்சளும் சேர்ந்த ஒரு பச்சை. கண்ணை மூடிக்கொண்டு குடித்துப் பார்த்ததில் ஹீரோ யார் வில்லன் யார் என்று வீட்டில் ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை. நாலும் ஒரே இனிப்பு, ஒரே புளிப்பு, தொண்டையில் அதே பிசுபிசுப்பு.

இந்த எண்கள் எல்லாம் அனுமதிக்கப்பட்ட நிறங்கள்தான், சட்டப்படி தப்பில்லை. எனக்கு உறுத்தியது அந்த மினுமினுப்புத் தூள். சாப்பிடலாம் என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று எங்கேயும் இல்லை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கிற எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் இல்லை. 14 இலக்க எண் அது, கிட் வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் முதலில் அதைத் தேடுங்கள். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்கிற துணிச் சாயம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து முதலில் தடை போட்டது நம்ம புதுச்சேரிதான், அதே மாதம் தமிழ்நாடும் போட்டது. அத்தனை வருஷமாகப் பீச் ரோட்டில் அந்த ரோஸ் கலரைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்தானே நாம் எல்லாரும், அதற்கப்புறமும் பேர் ஊர் தெரியாத தூளைக் கிளாஸில் கொட்ட மனசு வரவில்லை, குப்பைக்குப் போய்விட்டது.

உருப்படியானது வெடி மிட்டாய் ஒன்றுதான். கரியமில வாயுவை அழுத்தத்தில் அடைத்த சர்க்கரைத் துணுக்குகள், நாக்கில் பட்டதும் படபடவென்று வெடிக்கும். விளிம்பில் எலுமிச்சையைத் தடவி இதில் ஒரு புரட்டு புரட்டி அந்த நிமிஷமே கையில் கொடுத்துவிட வேண்டும், ஈரம் ஏறினால் வெடிப்பு போய்விடும். நம்ம கடற்கரைக் காற்றில் பாக்கெட்டைப் பிரித்தால் அன்றைக்கே காலி பண்ணுவது உத்தமம்.

கிட் செய்கிறவர்களுக்குத் தீம் என்றால் நிறம், அவ்வளவுதான். போட்டோ எடுக்க அது போதும், ரெண்டாவது மடக்குக்குத் தாங்காது. சினிமாப் பைத்தியங்களுக்குக் கொடுக்கிற கிளாஸ் என்றால் கையில் இருக்கும்போதே அதில் ஏதாவது நடக்க வேண்டும், படத்தில் ஒரு திருப்பம் வரும்போது கிளாஸிலும் ஒன்று வர வேண்டும். அப்படி நடக்கிற சாமான்கள் எல்லாம் நாட்டு மருந்துக் கடையிலும் காய்கறிக் கடையிலும்தான் கிடக்கின்றன.

முதல் மார்க் சங்குப்பூவுக்கு. காய்ந்த பூ நாட்டு மருந்துக் கடையில் 25 கிராம் 80 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்கார ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பூஜைக்கா தம்பி, குடிக்கவா? பூஜைக்குன்னா மார்க்கெட்ல பச்சைப் பூ வாங்கிக்க” என்றார். குடிக்கத்தான் என்றதும் உள்ளேயிருந்து வேறு டப்பாவை எடுத்தார், அது காம்பும் தூசியும் இல்லாமல் இருந்தது. வேலியில் கொடி ஓடுகிற வீடுகளில் காசே வேண்டாம், காலையில் பறித்து நிழலில் காய வைத்தால் போதும். (அரவிந்தர் ஆசிரமத்து அன்னை பூ ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தவர், சங்குப்பூவுக்கு அவர் கொடுத்தது ராதையின் பெயர். சைக்கிளில் போகும்போது ஒயிட் டவுன் மதில்களில் பாருங்கள், கண்ணில் படும்.)

ஒரு கை அள்ளிப் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரை ஒரு டம்ளர் ஊற்றி மூடி வைத்தால் பத்து நிமிஷத்தில் மை மாதிரி நீலம் இறங்கிவிடும். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்க விட வேண்டாம், பச்சை வாடை ஏறும். கேன் தண்ணீரில் போடுங்கள், எங்கள் தெருப் போர் தண்ணீரில் நீலம் லேசாகப் பச்சை அடிக்கிறது. பூவில் இருக்கிற ஆந்தோசயனின் நிறமி அமிலம் பட்டால் ஊதாவாகும், அமிலத்துக்கு நேர்மாறான காரம் பட்டால் பச்சைக்குச் சாயும், மொத்த ரகசியமும் அதுதான். கிளாஸில் பாதிக்குமேல் ஐஸ், அதன்மேல் நீலத் தண்ணீர், இனிப்புக்குக் கொஞ்சம் சர்க்கரைப் பாகு. எலுமிச்சைச் சாறைத் தனியாக ஒரு சின்னக் கிண்ணியில் ஆளுக்கொன்று கொடுத்துவிட வேண்டும், சொல்லும்வரை ஊற்றக் கூடாது என்ற கண்டிஷனோடு. நல்லவன் என்று நம்ப வைத்தவன் முகமூடியைக் கழற்றுகிற இடம் வந்ததும் மாடியில் ஒரே சத்தம், “மாமா, இவன்தான் வில்லன், ஊத்தட்டா ஊத்தட்டா” என்று. ஊற்றினால் சாறு ஐஸுக்கு நடுவே நூல் நூலாக இறங்குகிற வழியெல்லாம் நீலம் ஊதாவாக மாறிக்கொண்டே வரும், அடியில் போய்ச் சேரும்போது கத்தரிப்பூ நிறம். படத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிளாஸுக்கு ஐந்தாறு பூவும் அரை எலுமிச்சையும், எலுமிச்சை விலை ஏறிக் கிடக்கிற மாசத்தில்கூட பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஒரு குறை, பூவுக்கென்று பெரிய சுவை கிடையாது. புதினா நாலு இலையோ இஞ்சிச் சாறு கொஞ்சமோ சேர்க்காவிட்டால் வெறும் எலுமிச்சைத் தண்ணீர் குடித்த மாதிரிதான் இருக்கும். சோடா ஊற்றுகிறவர்கள் கவனிக்க, சோடாவே கொஞ்சம் அமிலம்தான், எலுமிச்சை சேர்க்கும் முன்னாலேயே நீலம் லேசாக ஊதா பக்கம் போகும், சஸ்பென்ஸ் கெட்டுவிடும்.

இதே பூவைப் பாலில் போட்டால் வேறு படத்துக்கு ஆகிறது. 1977-ல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் கதாநாயகப் பையன் சாப்பாட்டு மேஜையில் நீலப் பால் குடிப்பான், அந்தப் படத்து வெறியர்களுக்கு அது ஒரு பெரிய விஷயம். சூடான பாலில் பூவை ஊற வைத்து வடிகட்டி, ஏலக்காய் தட்டிப் போட்டு, சர்க்கரை போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளிறிய நீலம்தான் வரும், ஆனால் படத்திலும் பளீரென்று இருக்காது என்பதால் பொருந்தும். நிறம் மாற்றிக் காட்டுகிறேன் என்று இதில் எலுமிச்சையை மட்டும் பிழிந்துவிடாதீர்கள், பனீர்தான் மிஞ்சும்.

அடுத்தது ‘எந்திரன்’. 2010-ல் வந்த படம், சிட்டி ரோபோவுக்குள் சிவப்புச் சிப் போனதும் அது கெட்டுப்போகிறதே, அந்தச் சிப்பைக் கிளாஸுக்குள் போடுவது. பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, சாறில் கொஞ்சம் சர்க்கரையும் இஞ்சியும் சேர்த்து ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் சிப் தயார். எலுமிச்சை சோடாவைத் தண்ணீர் மாதிரி தெளிவாகக் கலந்து வைத்துக்கொண்டு, சரியான கட்டத்தில் ஆளுக்கொரு சிவப்புக் கட்டி போட வேண்டும். முதல் ரெண்டு நிமிஷம் ஒன்றும் ஆகாது, அப்புறம் அடியிலிருந்து சிவப்பு பரவிப் பரவி கிளைமாக்ஸுக்குள் மொத்த கிளாஸும் ரத்தச் சிவப்பு. பீட்ரூட் நிறமி வேறு ஜாதி, எலுமிச்சையில் மாறாமல் அப்படியே நிற்கும். இஞ்சியை விட்டுவிட்டால் மண் வாடை தூக்கும், பிள்ளைகள் கண்டுபிடித்து முகம் சுளிப்பார்கள். அரைக் கிலோ பீட்ரூட்டில் வீட்டுக்கூட்டம் மொத்தத்துக்கும் சிப் வந்துவிட்டது, சக்கையை அக்கா மறுநாள் பொரியல் பண்ணிவிட்டாள். காசுக் கணக்கில் இதை அடிக்க ஆளில்லை. பாயில் சிந்தினால் கறை போகாது, பழைய பாயாகப் போடுங்கள்.

பேய்ப் படத்துக்கு நுங்கு. சீசனில் ஈசிஆர் ஓரமாக வெட்டி விற்கிறார்களே, அதை வாங்கித் தோலை உரித்துவிட்டு நடுவில் தண்ணீர் நிற்கிற குழியில் பாதி கருப்பு திராட்சையை, தோல் மேலே தெரிகிற மாதிரி, அழுத்தி வைத்தால் அசல் முழி. இதை ரோஸ் மில்க்கில் மிதக்கவிட்டு, திராட்சை மேல் பார்க்கக் கொடுக்க வேண்டும், விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில். பெரியம்மா முதலில் பார்த்துவிட்டு “சனியனே, இதை யார் குடிப்பா” என்றார்கள், கடைசியில் அவர்கள்தான் ரெண்டு கிளாஸ். கிட்டில் இருந்த பச்சை சிரப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. சீசன் முடிந்தால் நுங்கு கிடைக்காது என்பதுதான் ஒரே சிக்கல், அப்போது இளநீர் வழுக்கையைக் கீறிப் போட்டு ஒப்பேற்றலாம், பயம் பாதிதான் வரும்.

ஹாரி பாட்டர் கூட்டம் எல்லா வீட்டிலும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள், அந்தக் கதையில் வருகிற பட்டர்பீர் என்ற பானத்தைக் கேட்பார்கள். ஆன்லைனில் பார்க்கிற செய்முறை எல்லாம் பட்டர்ஸ்காட்ச் சிரப், கிரீம் சோடா என்று பட்ஜெட்டைத் தூக்கிவிடும். பனைவெல்லம் இருக்க அதெல்லாம் எதற்கு? வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகாகக் காய்ச்சி, இறக்குகிற நேரத்தில் ஒரு ஸ்பூன் வெண்ணெயும் ரெண்டு கல் உப்பும். அந்த உப்புதான் இதைப் பாயசத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது, விட்டுவிடாதீர்கள். ஆனால் இந்தப் பாகைச் சில்லென்ற சோடாவில் ஊற்றினால் வெண்ணெய் உறைந்து மேலே துணுக்குத் துணுக்காக மிதக்கும், பார்க்கவே நன்றாக இருக்காது. சோடாவில் வேண்டுமென்றால் வெண்ணெய் இல்லாத பாகு, மேலே ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம். வெண்ணெயோடு வேண்டுமென்றால் வெதுவெதுப்பான பாலில், அதுவும் பாகு ஆறினதும்தான், சூடாக ஊற்றினால் பால் திரிந்துவிடும். எனக்குப் பால்தான் பிடித்தது, மார்கழிப் பனியில் மாடியில் உட்கார்ந்து குடிக்க அது சரியாக இருக்கும்.

‘பொன்னியின் செல்வன்’ போடுகிற அன்றைக்கு பானகம், வேறு யோசனையே வேண்டாம். கல்கி கதையை ஆரம்பிப்பதே ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில், அதாவது நம்ம கடலூர் மாவட்டத்து வீராணத்தில். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை, மிளகளவு பச்சைக் கற்பூரம், பித்தளை டம்ளரில். அவ்வளவுதான், இதில் மாயாஜாலம் ஒன்றும் நடக்காது, நடக்கவும் வேண்டாம்.

பழைய கருப்பு வெள்ளைப் படங்களுக்கு இன்னும் சுலபம், டூரிங் டாக்கீஸ் இடைவேளையில் விற்ற கலரும் சோடாவும்தான். பன்னீர் சோடாவில் ஊறின சப்ஜா ஒரு ஸ்பூன், இல்லையென்றால் நன்னாரி சிரப்பில் எலுமிச்சை பிழிந்து கோலி சோடாவை உடைத்து ஊற்றுவது. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் அந்தக் கோலி பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கியது 1872-ல், சினிமாவே பிறக்காத காலம். நன்னாரி வாங்கும்போது லேபிளைப் பாருங்கள், வேர்ச் சாறு இருக்கிறதா, வெறும் எசென்ஸா என்று. கட்டெறும்பு நிறத்தில் கருகருவென்று இருப்பதால் மட்டும் அசல் என்று அர்த்தமில்லை, கேரமல் நிறமும் அப்படித்தான் இருக்கும்.

புகை வர வேண்டும் என்று டிரை ஐஸ் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விட்டுவிடுங்கள். மைனஸ் 78 டிகிரியில் உறைந்த கரியமில வாயு அது, 2024 மார்ச்சில் குருகிராமில் ஒரு ஓட்டலில் வாய் மணக்கக் கொடுப்பது என்று எண்ணி அதை வாயில் போட்ட ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்தது செய்தியாக வந்தது. இருட்டில், குழந்தைகள் கையில், கிளாஸுக்குள் அதைப் போடுகிற தைரியம் எனக்கில்லை.

புகைக்குப் பதில் வெளிச்சம் வரவைக்கலாம். ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ 2012-ல் வந்தது, பையன் வளர்ந்தது புதுச்சேரியில், ஒரு பகுதியை இங்கேயே எடுத்தார்கள், அதனால் எங்கள் வீட்டில் வருஷத்துக்கொரு தடவையாவது ஓடும். ராத்திரியில் கடலே ஒளிர்கிற காட்சிக்கு டானிக் வாட்டர். அதில் இருக்கிற குவினைன் புற ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும், கலரும் தூளும் ஒன்றும் தேவையில்லை. கடைக்காரர்கள் ரூபாய் நோட்டைச் சரிபார்க்க வைத்திருக்கிற சின்ன யூவி டார்ச்சே போதும், கிளாஸுக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அடிக்க வேண்டும், ஆட்கள் கண்ணில் அடிக்காமல். மேலே முழு இருட்டு இருந்தால் கிளாஸ் தானாக எரிகிற மாதிரி தெரியும், தெரு விளக்கு விழுகிற மாடியென்றால் சுமார்தான். கசக்கும் என்பதால் பாதி டானிக், பாதி இனிப்பான எலுமிச்சை ஜூஸ். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் இதயத் துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதைக் கொடுக்காதீர்கள். மொத்தப் பட்டியலில் விலை கூடினது இதுதான், ஒரு கேனை மூணு கிளாஸாகப் பங்கு போட்டுத்தான் கட்டுப்படியானது.

கிளாஸுக்கு என்று தனியாகச் செலவழிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஜோடி சேராத கண்ணாடி டம்ளர்கள் குவித்து வைத்திருப்பார்கள், மதியம் தாண்டிப் போனால் விலை இறங்கும், ஒன்றும் ஒன்றும் ஒரே மாதிரி இல்லாததால் யாருடைய கிளாஸ் எது என்ற சண்டையும் வராது. விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள், சில்லு உடைந்தது நிறைய கலந்திருக்கும். பிளாஸ்டிக் கப் வேண்டாம், சங்குப்பூ நிறம் மாறுவது அதில் பாதிகூடத் தெரியாது.